ஆயாவின் கொண்டைச் சீப்பு

பங்குக் குருக்களின் பாதுகாவலராகிய புனித ஜான் மரிய வியான்னி வாழ்ந்த ஆர்ஸ் சிற்றூரின் பெயரைக் கேட்டிராத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இராது. பிரான்சு நாட்டின் கிழக்கே, லியோன் மாநகருக்கு வடக்கில், எய்ன் மாவட்டத்தில் அச்சிற்றூர் அமைந்துள்ளது. அதே மாவட்டத்தின் மறுகோடியில், ஜூரா மலைகளின் மடியில், ஒயோனா என்றொரு தொழில் நகரம் இருப்பதை அறிந்தவர்களோ மிகச் சிலர். பிரெஞ்சுக்காரர்கள் அப்பெயரை எழுதும்போது ஈற்றில் ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆர்ஸ் திருத்தலத்தில் வேண்டுதலை நிறைவேற்றிய பிறகு நான் ஒயோனாவுக்குப் புறப்பட்டேன். பாரீசில் வாழும் என் தம்பிக்கு இது வேடிக்கையாக இருந்தது. “உலகமே ஈபிள் கோபுரத்தைப் பார்க்க வருகிறது. நீங்கள் சீப்பைப் பார்க்கப் போகிறீர்களே அக்கா!” என்றான். சீப்பைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அது வேடிக்கைக்காக அன்று.

எங்கள் குடும்பம் புதுச்சேரியைச் சேர்ந்தது. அக்காலத்தில் புதுவைக் கிறிஸ்தவர் பலர் செய்தது போலவே என் தாத்தாவும் சைகோனுக்குக் கப்பலேறி, பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். 1912இல் விடுப்பில் வந்தபோது ஆயாவுக்கு அவர் கொண்டுவந்த பொருள் ஒரு கொண்டைச் சீப்பு. தேன் நிறம், ஆங்காங்கே கருந்திட்டுகள், மேற்புறம் கொடியும் மலருமாகக் குடையப்பட்ட வேலைப்பாடு, இடையிடையே சிறு கண்ணாடிக் கற்கள், ஐந்து நீண்ட பற்கள். ஆமையோட்டினால் ஆனது என்றும், சைகோனுக்கு மேற்கே ஹா தியென் என்ற கடற்கரை ஊரின் கைவினைஞர்கள் செய்தது என்றும் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டது. ஹா தியென் ஆமையோட்டு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர்தான். ஆகவே ஒருவரும் சந்தேகப்படவில்லை.

1958இல் ஆயா இறைவனடி சேர்ந்தபோது நகைகளைப் பங்கிட்டார்கள். ஆறு பொன் வளையல்கள் மூத்த மகளாகிய என் தாயாருக்கு, சீப்பு சின்னம்மாவுக்கு. “அசல் ஆமையோடு, இனி கிடைக்காத சரக்கு, ஆறு வளையலுக்கு ஈடு” என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்களாம். இருபத்தேழு வயதுச் சின்னம்மா மறுபேச்சின்றிப் பெற்றுக்கொண்டார். அந்த வளையல்களில் இரண்டு பிற்பாடு என் கைக்கு வந்தன. நாற்பது ஆண்டுகளாக அவற்றை அணிந்திருக்கிறேன்.

சின்னம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது நடக்கும்போது பேத்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகளின் வெண்ணிற முக்காட்டை அந்தச் சீப்பினால் செருக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு முன் அதன் உண்மையை அறிந்துகொள்ள விரும்பினார். “நான் கண்மூடுமுன் அது என்ன பொருள் என்று தெரிந்தாக வேண்டும். நீ படித்தவள், பிரான்சுக்குப் போகிறாய், கேட்டு வா” என்றார். அவர் கேட்டது சீப்பின் விலையை மட்டும் அன்று என்பது எனக்குப் புரிந்தது.

சீப்பை நான் உடன் கொண்டுசெல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கொண்டைச் சீப்புக்குப் பயன்பட்ட ஓடு அழுங்காமை என்னும் கடலாமையினுடையது. பேராசைக்குப் பலியாகி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட உயிர் அது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. நாடுகளுக்கிடையே அதன் ஓட்டை வாணிபம் செய்வதை அனைத்துலக உடன்படிக்கை தடுக்கிறது. பாட்டியின் பொருளாக இருந்தாலும் உரிய அனுமதியின்றி எல்லை கடத்த முடியாது. எனவே பூதக்கண்ணாடியை வைத்து அணுக்கமாகப் பல நிழற்படங்கள் எடுத்தேன். வெள்ளைத் தாளில் சீப்பை வைத்துச் சுற்றிலும் கோடிழுத்தேன். தெரிந்த பொற்கொல்லரின் தராசில் நிறுத்து எடையைக் குறித்தேன். அகலம் 14 செ.மீ., உயரம் 11 செ.மீ., எடை 32 கிராம். உயிருள்ளவர் ஒருவருக்கு அடையாள அட்டை தயாரித்தது போலிருந்தது. சீப்பு வைத்திருந்த தகரப் பெட்டியிலேயே சின்னம்மாவின் பழைய செபமாலை ஒன்றும் கிடந்தது. அதன் சங்கிலி பச்சைப் பாசி பிடித்தது போல் களிம்பேறியிருந்தது. கடற்காற்றின் வேலை என்று எண்ணி அதை நான் பொருட்படுத்தவில்லை.

பூர்க்-அன்-பிரெஸ் என்ற நகரில் இரயில் மாறினோம். சமவெளியில் மாடுகள் மேயும் பசும்புல் வெளிகள் முடிந்ததும் மலை தொடங்குகிறது. எய்ன் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கை இரயில் கடக்கும் சீஸ்-பொலோசோன் பாலம் காணத்தக்கது: மேலடுக்கில் இரயிலும் கீழடுக்கில் சாலையுமாகக் கல் வளைவுகள் மீது நிற்கிறது. 1944இல் போரில் தகர்க்கப்பட்டு, 1950இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன்பின் சுரங்கங்கள், ஊசியிலைக் காடுகள், சுண்ணாம்புப் பாறைகள். பாறைச் சரிவுகளில் சிறிய இலைகளோடு அடர்ந்து நிற்கும் ஒரு புதர்மரத்தைத் தம்பி காட்டினான். பாக்ஸ் மரம் என்பார்கள். மிக மெதுவாக வளர்வதால் அதன் கட்டை தந்தம் போல் இறுகியிருக்கும். ஒயோனாவின் கதை அந்த மரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நீண்ட பனிக்காலத்தில் நிலத்தில் வேலை இல்லை. குடியானவர் வீட்டுக்குள் அமர்ந்து மரத்தை அறுத்துச் சீப்பு செய்தனர். பெண்களும் பிள்ளைகளும் தேய்த்து மெருகிட்டனர். இந்தத் தொழிலுரிமையை ஊருக்கு அளித்தவர் ஏழாம் நூற்றாண்டில் ஓத்தன் நகர ஆயராக இருந்த புனித லேஜே என்பது ஊர்ப் பழங்கதை. அவ்வழியே வந்த தமக்கு விருந்தோம்பிய மக்களுக்கு நன்றியாக அவர் இந்த வரத்தைத் தந்தாராம். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு. ஆயருக்கும் சீப்புக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். இடைக்காலத் திருச்சபையில் ஆயர் திருப்பலிக்கு ஆயத்தமாகும்போது அவர் தலையை வாரிவிடுவது ஒரு சடங்காகவே இருந்தது. அதற்கெனத் தந்தத்தில் செதுக்கிய வழிபாட்டுச் சீப்புகள் இருந்தன. இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் புனித கத்பெர்ட்டின் கல்லறையிலிருந்தும் ஒரு தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது.

ஒயோனா அழகிய ஊர் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. தொழிற்கூடங்களின் நீண்ட கூரைகளும் சரக்கு வண்டிகளும் நிறைந்த இடம். 1943 நவம்பர் 11 அன்று, ஜெர்மானியர் நாட்டை ஆண்டபோது, மலைக்காட்டில் மறைந்திருந்த விடுதலைப் போராளிகள் பட்டப்பகலில் இவ்வூர்த் தெருக்களில் அணிவகுத்து வந்து போர் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் சாத்திய துணிச்சலை ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

மரச்சீப்புக்குப் பின் கொம்புச் சீப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுக் கொம்புகளை வருவித்து, சூடேற்றிப் பிளந்து, தட்டையாக அழுத்தித் தகடாக்கினார்கள். சுண்ணாம்பும் ஈயச் சேர்மமும் கலந்த பசையைத் திட்டுத் திட்டாகத் தடவினால் கொம்பில் பழுப்புப் புள்ளிகள் விழும். ஏழைகளுக்கான ஆமையோடு தயார். போலி செய்வது இத்தொழிலில் அவமானமாகக் கருதப்பட்டதே இல்லை. அதுவே இவர்களின் கலையாக இருந்தது.

பெரிய மாற்றம் கடல் கடந்து வந்தது. அமெரிக்காவில் ஹையாட் சகோதரர்கள் 1869-70ஆம் ஆண்டுகளில் செல்லுலாய்டு என்னும் பொருளைச் செய்முறைக்குக் கொண்டுவந்தனர். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கற்பூரத்தோடு பிசைந்தால் கிடைப்பது அது. வெந்நீரில் இட்டால் வளையும்; ஆறினால் இறுகும்; எந்த நிறத்தையும் ஏற்கும். 1870களின் இறுதியில் அது ஒயோனாவை அடைந்தது. தந்தம், ஆமையோடு, பவழம், அம்பர் அனைத்தையும் அது நடித்துக் காட்டியது. கூந்தலை உயர்த்திக் கட்டிய அக்காலத்துப் பெண்டிர்க்குச் சீப்பின்றி அலங்காரம் இல்லை. அதனால் ஊர் செழித்தது. 1889லேயே அருகிலுள்ள நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெற்றுவிட்டது.

ஆனால் செல்லுலாய்டு தீக்கு உறவு. திரைப்படச் சுருள்கள் முன்னாளில் பற்றியெரிந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே பொருள்தான் இதுவும். ‘கிராந்த் வப்பேர்’ என்ற பழைய தொழிற்கூடத்தின் முன் தம்பி என்னை நிறுத்தினான். 1904-05இல் சிமெண்டுக் கான்கிரீட்டில் எழுப்பியது. சிறு தொழிலாளிகள் ஆளுக்கொரு சிற்றறையை வாடகைக்கு எடுத்து, பொது விசையில் தம் கருவிகளை ஓட்டிக்கொள்வார்கள். ஓர் அறையில் பற்றிய தீ மறு அறைக்குத் தாவாதபடி சுவர்கள். ஆபத்தென்றால் வெளியேற ஒவ்வோர் அறைக்கும் வெளிப்புறத் திறப்பு. கூரையின் மீதே தீயணைக்கத் தேக்கிய நீர். ஓர் அழகுப் பொருளைச் செய்வதற்கு இத்தனை அச்சத்தோடு ஒரு கட்டடம் தேவைப்பட்டிருக்கிறது. அதன் சன்னல்களை எண்ணிக்கொண்டே நின்றபோது, சின்னம்மாவின் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது. சீப்புப் பெட்டி இருந்த தட்டுக்கு மேல் தட்டில் மாதா சுரூபம். அதன் முன் நாள்தோறும் மெழுகுவர்த்தி.

நகராட்சி திரட்டி வைத்துள்ள சீப்பு அருங்காட்சியகத்தில் அரைநாள் செலவிட்டோம். அங்கிருந்த பணிப்பெண் நடுத்தர வயதினர். அவருடைய பாட்டனாரும் சீப்புத் தொழிலாளியாம். என் நிழற்படங்களைப் பரப்பி வைத்ததும் எதுவும் சொல்லாமல் ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் தந்து, கண்ணாடிப் பேழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரச் சொன்னார். நல்லாசிரியை. தீர்ப்பை என் வாயால் சொல்ல வைக்க எண்ணினார் போலும்.

பழஞ்சீப்பை அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது பொருள்; அலங்காரம் அன்று. உண்மையான ஆமையோட்டில் கருந்திட்டின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது பொடிப்பொடியான நிறப்புள்ளிகளின் கூட்டமாகத் தெரியும். மை கசிந்தது போல் விளிம்பு கரைந்து போகும். செல்லுலாய்டில் திட்டுகள் சாயம் ஊற்றிக் கலக்கியது போலச் சுழிகளாகவோ, வெட்டிவைத்தது போன்ற கூர்மையான விளிம்புகளாகவோ இருக்கும். ஆமையோட்டைப் பூச்சி அரிக்கும். பழைய சீப்புகளில் சிறு குழிகள் காணப்படும். செல்லுலாய்டைப் பூச்சி தொடாது. கொம்பில் நெடுக நார்க்கோடுகள் ஓடும். பற்களின் நுனி ஏடு ஏடாக உரியும். சாயம் மேலோட்டமாகவே இருப்பதால் உரிந்த இடத்தில் வெளிறிய நிறம் தலைகாட்டும். தந்தமா, செல்லுலாய்டா என்ற ஐயம் எழுந்தால் கோடுகளைப் பார்க்க வேண்டும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலை பின்னியிருக்கும்; போலித் தந்தத்தில் இணைகோடுகள் பள்ளிப்பிள்ளையின் நோட்டுப் புத்தகம் போல் அளவாக ஓடும். இயற்கை அவ்வளவு ஒழுங்காகக் கோடு போடுவதில்லை.

மணமும் சாட்சி சொல்லும். விரலால் நன்கு தேய்த்தோ வெதுவெதுப்பான நீரில் ஒரு நொடி நனைத்தோ முகர்ந்தால் செல்லுலாய்டு கற்பூரம் மணக்கும். வல்கனைட் எனப்படும் கடின ரப்பர் கந்தகம் நாறும். அது இங்கிலாந்தில் துக்க காலத்துக் கருஞ்சீப்புகளுக்கு மிகுதியாகப் பயன்பட்டது. 1861இல் விக்டோரியா அரசியார் கணவரை இழந்து கறுப்பணிந்தது முதல் கருநிற அணிகளுக்கு ஏற்பட்ட மோகம் நெடுநாள் நீடித்தது. வெயிலில் கிடந்த வல்கனைட் பழுப்பாகிவிடும். மூன்றாவது, கலாலித், கிரேக்க மொழியில் பாற்கல் என்று பொருள். பாலின் புரதத்தை இறுக்கிச் செய்வது. 1897இல் காப்புரிமை பெற்றது. ஈரம் பட்டால் உப்பி வளையும். சூடானால் கருகிய பாலின் வாடை வரும்.

சூடான ஊசியால் குத்தி முகர்ந்து பார்ப்பது ஒரு பழைய வழக்கம். அதைச் செய்யவே கூடாது என்று அப்பணிப்பெண் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பொருள் பழுதாவது ஒருபுறமிருக்க, செல்லுலாய்டாக இருந்தால் கையிலேயே தீப்பற்றும்.

பொருளை அறிந்தபின் காலத்தைக் கணிக்க வேண்டும். இதற்கு உதவுவது பெண்களின் தலைமுடியே. 1827இல் எகிப்து ஆளுநர் பிரெஞ்சு மன்னருக்குப் பரிசளித்த ஒட்டகச்சிவிங்கி மார்செய்யிலிருந்து பாரீசு வரை நடந்தே வந்ததாம். அதைக் கண்ட பாரீசுப் பெண்கள் கூந்தலை அதன் கழுத்துப் போல் உயர்த்திக் கட்டத் தொடங்க, அதற்கேற்ற உயரமான சீப்புகளும் எழுந்தன. 1830களில் தென்னமெரிக்காவின் புவனோஸ் அயர்சில் மாஸ்குலினோ என்ற ஸ்பானியச் சீப்புக்காரர் செய்தவை இன்னும் பெரியவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலச் சீப்பைச் சூடிக்கொண்டு இரு பெண்கள் எதிர்ப்பட்டால் நடைபாதையில் வழி கிடைக்காது என்று அந்நாளைய கேலிச்சித்திரங்கள் நையாண்டி செய்தன. நாகரிகப் பித்து நம் காலத்தில் தோன்றியது என்று எண்ணுவோர் அவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் உயர்ந்த சீப்பு மட்டும் இன்றும் வாழ்கிறது. பெரிய வியாழனன்று கறுப்புச் சரிகைமுக்காட்டை அதன் மேல் தாங்கிப் பெண்கள் கோயிலுக்குச் செல்லும் காட்சி அங்கே இப்போதும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்பகுதி கீல் வைத்து மடங்கும் சீப்புகள் வந்தன. 1895 முதல் சுமார் 1910 வரை கொடிகள், தும்பிகள், வாடும் மலர்கள் ஆகியவை ஓவிய நடையாயின. 1900ஆம் ஆண்டுப் பாரீசுக் கண்காட்சியில் லலீக் என்ற நகைக்கலைஞர் கொம்பில் செதுக்கிய சீப்புகள் பெரும் புகழ் பெற்றன. அதன்பின் உலகப் போர் வரை, திரட்டி உயர்த்திய பெருங்கொண்டைக்கு ஏற்ற அகன்ற செல்லுலாய்டுச் சீப்புகள், கண்ணாடிக் கற்கள் பதித்தவை. 1920களில் பெண்கள் கூந்தலைக் குட்டையாகக் கத்தரித்துக்கொண்டார்கள். அந்தக் கத்தரிக்கோல் ஒயோனாவின் வயிற்றில் அடித்தது. சீப்பு வாங்க ஆளில்லை. சிலர் தளரவில்லை. ஓகுஸ்த் பொனா என்பவரின் நிறுவனம் கலாலித்தில் வட்டமும் முக்கோணமுமாகப் புதுநடைச் சீப்புகளையும் கழுத்தணிகளையும் செய்து பெயர் பொறித்து விற்றது. மற்றவர்கள் மூக்குக் கண்ணாடிச் சட்டங்களுக்கும் விளையாட்டுப் பொருட்களுக்கும் மாறினர். இவ்வூரில் இன்றுள்ள பிளாஸ்டிக் தொழில் அந்த நெருக்கடியிலிருந்து உருவானது.

செய்முறைத் தடயங்களும் உண்டு. வாளால் அறுத்த பற்களின் இடைவெளி மிகச் சிறிதளவேனும் வேறுபடும். பற்களின் அடியில் வாள் நின்ற இடம் தெரியும். உருக்கி அச்சில் செலுத்திச் செய்த பிற்காலப் பிளாஸ்டிக்கில் விளிம்பு நெடுகிலும் மெல்லிய தையல் போன்ற கோடு ஓடும். முத்திரை இருந்தால் நன்று. வெள்ளிப் பூண் உள்ள பிரெஞ்சுச் சீப்பில் மினெர்வா தெய்வத்தின் தலை பொறித்திருந்தால் அது 1838க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டமியற்றியதால், ‘பிரான்சு’ என்று ஆங்கிலத்தில் பொறித்த சீப்பு பெரும்பாலும் அதற்குப் பின் அந்நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்டதாகும். முத்திரை இல்லை என்பதிலிருந்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. சைகோனுக்குப் போன சரக்கு அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?

நான்காம் பேழையின் முன் நின்றுவிட்டேன். எங்கள் சீப்பு அங்கே இருந்தது. எங்களுடையதே அன்று, ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை. அதே கொடி, அதே மலர். கற்கள் மட்டும் நீலம். வரைந்து வந்த தாளைக் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தேன். பற்களின் வளைவு இழை பிசகாமல் பொருந்தியது. பேழையின் சீட்டில் செல்லுலாய்டு என்றும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் என்றும் எழுதியிருந்தது.

திட்டுகளின் விளிம்பைக் காட்டும் நிழற்படத்தைப் பணிப்பெண்ணிடம் நீட்டினேன். “நீங்களே கண்டுவிட்டீர்கள்” என்றார். பிறகு செபமாலையும் சேர்ந்து விழுந்திருந்த ஒரு படத்தைச் சுட்டி, “இது அதே பெட்டியில் இருந்ததா?” என்று கேட்டார். ஆம் என்றேன். மூப்படைந்த செல்லுலாய்டு மெல்ல மெல்ல அமில ஆவியை வெளிவிடும். மூடிய பெட்டியில் அது தேங்கி, அருகிலுள்ள உலோகத்தைக் களிம்பேற்றும். தன்னையும் அரித்துக்கொள்ளும் என்று விளக்கினார். கடற்காற்றின் மீது நான் சுமத்திய பழி தீர்ந்தது. காற்றோட்டமான பெட்டி, குளிர்ந்த இருட்டு, அமிலமற்ற தாள். உலோகமும் மற்றச் சீப்புகளும் உடனிருத்தல் ஆகாது. பிசுபிசுப்போ வெடிப்போ புளித்த நெடியோ தோன்றினால் உடனே தனியே பிரிக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் அருகே கூடாது.

திரும்பும் வழியில் நான் அதிகம் பேசவில்லை. தாத்தா ஏமாந்தாரா, அறிந்தே வாங்கினாரா? எழுத்தரின் சம்பளத்தில் ஆமையோடு எப்படி வாங்கியிருப்பார் என்று ஒருவரும் கேட்டதில்லை. சைகோனில் வாங்கியது உண்மையாகவே இருக்கலாம். பிரெஞ்சுக் கப்பல்கள் பிரெஞ்சுச் சீப்புகளை அங்கே இறக்கியிருக்கும். ஆமையோடு என்ற சொல்லைச் சேர்த்தது கடைக்காரனோ, தாத்தாவோ, எங்கள் வீட்டுப் பெருமையோ? 1958இல் பங்கு பிரித்தவர்கள் வஞ்சம் நினைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒருவருக்குப் பொன்னும் ஒருவருக்குக் கற்பூரம் கலந்த பஞ்சும் கிடைத்தன என்பது உண்மை. சொல்லாமல் விட்டுவிடலாமே என்றும் ஒரு கணம் தோன்றியது. திருமண வீட்டில் எரியும் மெழுகுதிரிகளை எண்ணியதும் அந்த எண்ணம் அகன்றது.

புதுவை திரும்பிய மறுநாள் சின்னம்மாவின் வீட்டில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் வைத்து, சீப்பின் ஒரு பல்லை மட்டும் நனைத்தெடுத்து அவரிடம் நீட்டினேன். முகர்ந்தார். மீண்டும் முகர்ந்தார்.

“கற்பூரம்!”

எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துச் சற்று நேரம் சும்மா இருந்தார்.

“அப்படியானால் அக்காவுக்கு அதிகம் போய்விட்டது” என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் நெடுநாள் பொருந்தாதிருந்த ஒரு தொகை பொருந்தியது போலச் சொன்னார்.

என் கையிலிருந்த இரு வளையல்களையும் கழற்ற முயன்றேன். நாற்பது ஆண்டுப் பழக்கம்; கழலவில்லை. பேத்தி சோப்பு கொண்டுவந்தாள். மூவருமாகப் போராடி ஒன்றைக் கழற்றினோம். அதைச் சின்னம்மா உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பேத்தியின் கையில் மாட்டினார். அடுத்ததற்குச் சோப்பைத் தேய்க்கத் தொடங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போதும். அக்கா போட்ட வளையல் ஒன்றாவது உன் கையில் இருக்கட்டும். அந்தச் சீப்பு மட்டும் எனக்கு வேண்டும். ஆயா கொண்டையில் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.”

2016 சனவரியில் நடந்த திருமணத்தில் பேத்தியின் முக்காட்டைச் சாதாரணக் கொண்டை ஊசிகள் தாங்கின. சீப்பு இப்போது வேறு அறையில், காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில், வெள்ளைத் தாளில் பொதிந்து கிடக்கிறது. பெட்டி சரியாக மூடவில்லை என்று சின்னம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மூடக் கூடாதென்றுதான் அப்படி வைத்திருக்கிறது என்று மூன்று முறை விளக்கிவிட்டேன்.